பழனியம்மாளுக்கு மட்டும் மூணு வட்டி

இலையில் மூன்று இட்லிதான் இருந்தது. போஸ்ட்மாஸ்டர் கைலாசம் சட்னியை ஒதுக்கிவிட்டு இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தார். மூன்றேதான்.

"ஏம்மா பழனியம்மா, முழுசா ஒரு அணா குடுத்திருக்கேன். காலணாவுக்கு ஒண்ணுன்னா நாலு வரணுமே?"

"வரணுமுங்க சாமி." பழனியம்மாள் இட்லிக் குண்டாவைப் படாரென்று மூடினாள். "எனக்குந்தான் மூணு வட்டி வரணும். நீங்க ரெண்டரையாக் கொறைக்கலீங்ளா? அதாட்டந்தான் இதுவும்."

ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகிற பஸ், கொதிக்கிற எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள நிற்கும் ஊர் பூசணிப்பாளையம். பஸ் நிற்கிற இடத்தில் பழனியம்மாளின் இட்லிக் கடை. அதற்கு நேர் எதிரே தபாலாபீஸ். குடும்பத்தை ஓமலூரில் விட்டுவிட்டுத் தனியாக வந்திருந்த கைலாசத்துக்குக் காலை ஆகாரத்துக்கு அந்தக் கடையை விட்டால் வேறு நாதியில்லை.

நான்கு வருஷத்துக்கு முன்னால் அவளிடம் நயமாகப் பேசி, தபாலாபீஸ் சேமிப்பில் மாதம் ஒரு ரூபாய் போட வைத்தவரும் அவர்தான். மழையோ வெயிலோ, அவள் ஒரு மாதம் தவறியதில்லை. நாற்பத்தெட்டு ரூபாய் சேர்ந்திருந்தது. போன வாரம் மேலிடத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது: நூற்றுக்கு மூன்றாக இருந்த வட்டி இனி இரண்டரை. கைலாசம் அதைச் சுவரில் ஒட்டியதோடு நிறுத்தியிருக்கலாம். உரக்கப் படித்தும் காட்டிவிட்டார்.

"அம்மா, வட்டியைக் குறைச்சது நானில்லை. டில்லியிலேருந்து உத்தரவு."

"டில்லிக்காரரை நான் கண்டனுங்ளா? மாசாமாசம் எங்கிட்ட ரூவா வாங்கிப் பொட்டியில போட்டது உங்க கைதானுங்ளே."

"சரி, உனக்கு நஷ்டந்தான் எவ்வளவு? வருஷத்துக்கு நாலணாகூட இல்லை!"

"நாலணாவுக்குப் பதினாறு இட்லிங்க. பதினாறு நாளைக்கு மூணு மூணாத் தின்னுபோடுங்க. அப்பறம் நாம சரிக்குச் சரி."

அவளுடைய கணக்கில் எங்கே தப்பு என்று கைலாசம் மூன்றாவது இட்லி தீரும் வரை யோசித்தார். தப்பே இல்லை.

மூன்றாம் நாள் சட்னியும் நின்றது. ஐந்தாம் நாள் அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்கே வந்துவிட்டாள்.

"பணத்தை எடுத்துக்கறனுங்க சாமி. ராவெல்லாம் ரோசனை பண்ணிப் பார்த்துட்டேன். இந்த நாலு வருசமா ஒரு எருமைக் கன்னு வாங்கிக் கட்டியிருந்தா இந்நேரம் ஈனிப் பால் குடுத்திருக்கும். உங்க பொட்டியில போட்ட ரூவா என்னத்தை ஈனுச்சு?"

"எருமை செத்துப்போனா?"

"செத்தா ஒருக்காத்தானுங்க சாவும். உங்க வட்டி தவணை முறையிலல்ல சாவுது!"

கைலாசம் அவசரமாக யோசித்தார். தாமே திறந்த கணக்கு மூடப்பட்டால் ஏன் என்று சேலத்து மேலாபீசுக்கு விளக்கம் எழுத வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. நாளைக் காலையில் எங்கே போய்ச் சாப்பிடுவது? ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் குரலைத் தாழ்த்தினார்.

"பொறு, பொறு. உனக்காக மேலிடத்துக்கு எழுதிப் பழையபடி மூணாக்கிட்டேன். அந்த மிச்ச அரை வட்டி புத்தகத்துல ஏறாது. சித்திரை பொறந்ததும் என் கையாலேயே குடுப்பேன். உனக்கு மட்டுந்தான். ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாதே."

வருஷத்துக்கு நாலணா தம் சொந்தப் பையிலிருந்து போகும். நாலு இட்லிக்கும் நிம்மதிக்கும் அது மலிவுதான் என்று கணக்குப் போட்டார்.

மறுநாள் இலையில் ஐந்து இட்லி, இரண்டு வகைச் சட்னி. கைலாசம் ஏப்பம் விட்டுக்கொண்டே ஆபீஸைத் திறந்தார்.

பழனியம்மாள் மூச்சு விடாமல்தான் இருந்தாள், ஏழு மணி பஸ் வரும் வரை. கண்டக்டருக்குச் சுக்குத்தண்ணி ஆற்றும்போது அவனிடம் மட்டும் சொன்னாள். கண்டக்டர் பஸ்ஸிடம் மட்டும் சொன்னான். ஒன்பது மணிக்கு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாட்டுத் தரகர் செங்கோட்டையன் நின்றார்.

"ஏனுங்க மாஸ்டரே, இட்லிக்காரம்மாளுக்கு மூணு, எனக்கு ரெண்டரைங்ளா? எம் பணம் என்ன, களவாண்ட பணமுங்ளா?"

அவருக்குப் பின்னால் நெய் வியாபாரி சின்னண்ணன். அவருக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுத் தலைகள். செங்கோட்டையன் கணக்கில் நானூறு ரூபாய், சின்னண்ணன் கணக்கில் அறுநூறு. இந்த இரண்டு பேரின் அரை வட்டி மட்டுமே வருஷத்துக்கு ஐந்து ரூபாய். கைலாசத்தின் மாதச் சம்பளமோ முப்பத்தைந்து.

"அது வந்து... எல்லாருக்கும் கிடையாது," என்றார் அவசரமாக. "ஒரு வருஷம், பன்னிரண்டு மாசம், ஒரு மாசங்கூடத் தவறாமப் பணம் கட்டினவங்களுக்கு மட்டுந்தான் அந்தச் சலுகை."

சொன்னதும் தமக்கே சபாஷ் போட்டுக்கொண்டார். மாட்டுச் சந்தை கூடினால் செங்கோட்டையன் கையில் காசு, கூடாவிட்டால் கடன். மற்றவர்களுக்குக் கடலைக்காய் பிடுங்கினால்தான் பணம். மாதாமாதம் எவன் கட்டப்போகிறான்? கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது.

அடுத்த மாதம் முதல் தேதி ஜன்னலைத் திறந்த கைலாசம் அப்படியே மூடிவிடப் பார்த்தார். வரிசை புளியமரத்தைத் தாண்டி நின்றது.

"மாசம் தவறக்கூடாதுன்னா இன்னைக்கே ஆரம்பிச்சாத்தானுங்க ஆச்சு?" என்றார் முதலில் நின்ற சின்னண்ணன்.

அதுவரை தபாலாபீஸ் வாசலை மிதித்திராதவர்களெல்லாம் கணக்குத் திறக்க வந்திருந்தார்கள். பாவாயி என்ற கிழவி பன்னிரண்டு ரூபாயை முந்தானையிலிருந்து அவிழ்த்து வைத்தாள்.

"ஒரு வருசத்துதையும் மொத்தமாக் கட்டிப்போடறன் சாமி. போன வருசத்துத் தேதியாப் பார்த்துப் போட்டுக்குங்க. நா வாரதுக்கும் போறதுக்கும் காலு ஒத்துழைக்க மாட்டேங்குது."

அன்று மட்டும் முப்பத்தேழு புதுக் கணக்கு. மாலையில் கைலாசம் தம் கையிலிருந்து போகவேண்டிய அரை வட்டிகளைக் கூட்டிப் பார்த்து, தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி கூட்டினார். தண்ணீர்தான் குறைந்தது.

இனி ஜனங்களை விரட்டுவதுதான் வழி என்று தீர்மானித்தார். அடுத்த தடவை பணத்தோடு வந்த செங்கோட்டையனிடம் மெல்ல ஆரம்பித்தார்.

"எதுக்குய்யா இங்கே கொண்டுவந்து போடறீங்க? இந்தச் சொற்ப வட்டிக்கு இது லாயக்கே இல்லை. பேசாம எருமை வாங்குங்க."

செங்கோட்டையன் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வரிசையின் பக்கம் திரும்பினார்.

"கேட்டுக்கிட்டீங்களாப்பா? எருமை வாங்கு எருமை வாங்குன்னு மாட்டுத் தரகன் நான் சொல்லோணும். ஆபீசரு சொல்றாருன்னா என்ன அர்த்தம்? உள்ளுக்குள்ள என்னமோ பெரிசா வரப்போவுது. நம்மளைத் தொரத்திப்போட்டு அவரே அமுக்கப் பார்க்கறாரு!"

அந்த வாரமே அவர் இரண்டு ஜோடி எருதுகளை விற்றுப் பணத்தைக் கொண்டுவந்து போட்டார். ஊரில் பாதிப் பேர் அவரைப் பின்பற்றினார்கள்.

'கணக்குத் திறக்கும் பாரம் தீர்ந்துவிட்டது' என்று கைலாசம் கதவில் எழுதி ஒட்டினார். சின்னண்ணன் ராசிபுரத்துக்கு பஸ் ஏறிப்போய் ஒரு கட்டுப் பாரம் வாங்கி வந்து ஊருக்கே தர்மமாகக் கொடுத்தார்.

அப்போதுதான் சேலத்திலிருந்து கடிதம் வந்தது. வருகிற முதல் தேதி சூப்பரிண்டெண்டெண்ட் துரை நேரில் வந்து கணக்கைப் பார்வையிடுவார்.

கைலாசம் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தார். இல்லாத வட்டியை இருப்பதாகச் சொல்லி ஜனங்களிடம் பணம் வாங்கியிருக்கிறார். வேலை போகும், அதற்கு மேலும் ஏதாவது நடக்கும். ராஜினாமாக் கடிதம் ஒன்று எழுதிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

துரை மோட்டாரில் வந்து இறங்கினார். கனத்த மீசையுடைய வயதான டபேதார் ஒருவர் பெட்டியைச் சுமந்துகொண்டு பின்னால் வந்தார். வாசலில் நின்ற வரிசை வணங்கி வழிவிட்டது. துரை கணக்குப் புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கைலாசத்தின் கை சட்டைப் பைக்குள் போனது.

"கைலாசம், நீங்க என்ன காரியம் பண்ணியிருக்கீங்க தெரியுமா?"

"தெரியும் சார். அது... நான் வேணும்னு..."

"வட்டி குறைஞ்சதுலேருந்து எல்லா ஊர்லயும் ஜனங்க பணத்தை எடுத்துட்டு ஓடறாங்க. உங்க ஊர்ல மட்டும் மூணு மடங்கா ஏறியிருக்கு! எப்படி சாதிச்சீங்க?"

கைலாசம் ஜன்னல் வழியே பார்த்தார். பழனியம்மாள் கையில் கரண்டியோடு கண்கொட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜனங்ககிட்ட... கொஞ்சம் அனுசரணையாப் பேசுவேன் சார்."

"பேஷ்!" துரை எழுந்து கை குலுக்கினார். "இந்த மாசத்துலேருந்து உங்களுக்கு மூணு ரூபாய் சம்பள உயர்வு."

கைலாசம் விறைத்து நின்றபடியே மனசுக்குள் கணக்குப் போட்டார். மாதம் மூன்று என்றால் வருஷத்துக்கு முப்பத்தாறு. ஊருக்கெல்லாம் தர வேண்டிய அரை வட்டி முப்பத்தொன்று. அத்தனை பேருக்கும் சொன்னபடி கொடுத்துவிட்டு ஐந்து ரூபாய் மிச்சமும் இருக்கும்! துரை மோட்டாரை நோக்கி நடந்ததும் ராஜினாமாவை எடுத்து நாலாகக் கிழித்தார். சிரித்துக்கொண்டே வாசலுக்கு வந்தார்.

அங்கே டபேதார் புத்தகங்களைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். ஊரே அவரைச் சுற்றி நின்றது.

"ஏனுங்க பெரியவரே," என்றாள் பழனியம்மாள். "எல்லாருக்கும் பழையபடி மூணு வட்டி எப்பங்க வரும்?"

டபேதார் பெட்டியைப் பூட்டினார். மீசையை நீவிவிட்டுக்கொண்டு, ஒரு நல்ல மனிதரைப் பாராட்டுகிற முகத்தோடு கைலாசத்தைக் காட்டினார்.

"வர இருந்துச்சும்மா. ஜனங்க பணத்தை எடுத்துட்டுப் போறாங்கன்னு திரும்ப மூணாக்கற உத்தரவு கையெழுத்துக்குத் தயாரா டில்லியில மேசை மேலயே இருந்துச்சு. உங்க மாஸ்டர் அனுப்பின கணக்கைப் பார்த்த பின்னாடிதான் அதைக் கிழிச்சுப் போட்டுட்டு, ரெண்டரைகூட வேண்டாம், ரெண்டே போதும்னு எழுதிட்டாங்க!"