ஏழாம் எண் வரைவு

அடுத்தவர் கட்டுரையில் பிழை காண்பதை நான் ஒரு சமூகப் பணியாகவே கருதி வந்தேன் என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சமூகவியலில் முதுகலை முடித்த கையோடு, மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய ஒரு கிராமத்தில் பிளஸ் டூ மாணவர்கள் பன்னிரண்டு பேருக்கு மாலை வகுப்பு எடுக்கப் போனேன். (நான் பிறந்து வளர்ந்தது திண்டிவனம் பக்கத்து நெல் வயல்களுக்கு நடுவே. உப்பை டப்பாவில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.)

மாவட்ட அளவில் ஒரு கட்டுரைப் போட்டி வந்தது. தலைப்பு, ‘உப்பளத்தில் ஒரு நாள்’. வகுப்புக்கு ஒரு கட்டுரைதான் அனுப்பலாம். நானே தேர்ந்தெடுத்தால் அது அதிகாரம். மாணவர்களே ஒருவர் வரைவை மற்றவர் படித்து, கருத்துச் சொல்லி, மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுத்தால் அது ஜனநாயகம். (அந்த வயதில் நான் டீ குடிப்பதுகூட ஜனநாயக முறைப்படிதான்.) வரைவுகளில் பெயர் கிடையாது, எண் மட்டும். எது தன்னுடையது என்று யாரும் வாய் திறக்கக் கூடாது. கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடுமே என்று அத்தனையையும் நானே தட்டச்சு செய்து அச்செடுத்தேன்.

அத்தோடு நின்றிருக்கலாம். காய்ச்சலில் படுத்த ஒருத்தி கட்டுரை தரவில்லை. அது மற்றவர்களுக்குத் தெரியாது. நல்ல கட்டுரை எப்படி இருக்கும் என்று பிள்ளைகள் தாமாகவே கண்டுகொள்ளட்டும் என்ற பெருந்தன்மையோடு, அந்த இடத்தில் நானே ஒன்றை எழுதி, ஏழு என்று எண்ணிட்டுச் செருகினேன்.

மூன்றாம் எண்ணுக்கு ஏகப்பட்ட பாராட்டு. பிறகு ஏழு வந்தது. “ஐப்பசியின் கொட்டும் மழையிலும் நனைந்த சேலையோடு உப்பு வாரும் தாய்மார்களின் கண்ணீர்...” என்று படித்த தமிழரசி நிறுத்தினாள். அவளுடைய அம்மா உப்பளத்தில் வேலை செய்பவர்.

“மழையில எந்த உப்ப மிஸ் வாருறது? எல்லாம் கரைஞ்சு போயிருக்குமே! எங்கம்மா அப்பல்லாம் நூறு நாள் வேலைக்குப் போயிடுவாங்க.”

“பதினோரு எடத்துல அழறாங்க மிஸ்,” என்றான் கோகுல். “எங்கம்மாவும் அங்கதான் வேலை செய்யறாங்க. அவங்க அழ மாட்டாங்க, மேஸ்திரியத்தான் அழ வெப்பாங்க.”

வகுப்பு குலுங்கியது. நானும் சிரித்தேன். (சிரிக்காவிட்டால் சந்தேகம் வருமே!)

“டேய், இது உப்பளத்தையே பாக்காத ஆளு எழுதினதுடா,” என்றான் கோகுல். அத்தனை தலைகளும் ஸ்டெல்லா பக்கம் திரும்பின. வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் கெஸ்ட் ஹவுஸ்கள் நிறைந்த குயிலாப்பாளையத்திலிருந்து மாமா வீட்டுக்கு வந்து இரண்டே மாதமான பெண் அவள். “ஏய் ஸ்டெல்லா, கெஸ்ட் ஹவுஸ் ஜன்னல் வழியா பாத்து எழுதினியா?”

ஸ்டெல்லா வாயைத் திறந்தாள், என்னைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். யாரும் சொல்லக் கூடாது என்ற என் விதியை அவள் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள்.

“என் கட்டுரைய எடுத்துடுங்க மிஸ். நான் போட்டிக்கு வரல. இனிமே கிளாஸுக்கும் வரல.”

எனக்கு மட்டும்தான் தெரியும், எல்லோரும் பாராட்டிய மூன்றாம் எண் அவளுடையது என்று. விடிகாலையில் மாமாவோடு உப்பளத்துக்குப் போய், உச்சி வெயில் வரை பாத்தியோரம் உட்கார்ந்து, கேட்டுக் கேட்டு எழுதியது.

பொறுப்புள்ள பட்டதாரியாக நான் விளைவுகளை எடைபோட்டேன். உண்மையைச் சொன்னால் ஆசிரியர்மீது நம்பிக்கை குலையும். நம்பிக்கை குலைந்தால் வகுப்பு குலையும். வகுப்பு குலைந்தால் இக்கடற்கரையின் கல்வி வளர்ச்சியே குலையும். இவ்வாறு நான் மாநில அளவை எட்டியபோது, ஸ்டெல்லா பையை மாட்டிக்கொண்டு வாசலை எட்டியிருந்தாள்.

“ஏழு என்னுது!” என்று கத்தினேன்.

தமிழரசி தன் தாளைத் தயக்கத்தோடு பார்த்தாள். “மிஸ்... நாங்க ரெண்டு மார்க்தான் போட்டிருக்கோம்.”

“பத்துக்கா?”

“ஆமா மிஸ். அதுவும் டைப்பிங்குக்கு.”

கோகுல் எழுந்து, “ஏய் ஸ்டெல்லா, சாரி. வந்து உக்காரு,” என்றான். அவள் உட்காரவில்லை.

“ஏன் மிஸ் மொதல்லயே சொல்லல?”

“பயந்துட்டேன் ஸ்டெல்லா.”

அவள் சற்று யோசித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். நான் எழுதிய நான்கு பக்கங்களில் இல்லாத உண்மை அந்த ஒரு சொல்லில் இருந்திருக்க வேண்டும்.

மூன்றாம் எண் ஒருமனதாகத் தேர்வாகி, போட்டியில் மூன்றாம் பரிசும் பெற்றது. (கேட்பவர்களிடம் நான் முதல் பரிசு என்றுதான் சொல்லி வருகிறேன்.) எனக்குப் பெருமை பரிசால் மட்டும் வந்ததன்று. எழுதியது ஆசிரியர் என்று தெரிந்த பிறகும் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட எனக்கு அரை மதிப்பெண் ஏற்றவில்லை. அதைவிட நல்ல வகுப்பை நான் இன்றுவரை எடுத்ததில்லை.

அதன் பிறகு நான் எதை எழுதினாலும் திருத்துவது தங்கள் உரிமை என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். என் கல்யாணப் பத்திரிகையை நானே எழுதி, பெருமையோடு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஸ்டெல்லாவிடமிருந்து பத்தே நிமிடத்தில் பதில் வந்தது: “வரதட்சணை ஒழிப்பு பத்தி ரெண்டு பத்தி இருக்குது மிஸ். ரொம்ப நல்லாருக்குது. கல்யாணம் என்னைக்குன்னு போடலியே?”

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், காபி ஆறுவதற்குள் என் மாமனார் இதைச் சொல்லிவிடுவார். “அந்தப் பொண்ணு மட்டும் பாக்கலைன்னு வெச்சுக்கோங்க, எங்க பையன் இன்னும் பட்டு வேட்டியக் கட்டிக்கினு வாசல்லயே நின்னுக்கினு இருப்பான்.”