யோசிக்கிறவரின் கால்

உலகத்தில் தூங்கவே தூங்காத ஓர் இனம் உண்டு. வாய் பிளந்திருக்கும், குறட்டை தெருமுனை வரை போய்த் திரும்பி வரும். எழுப்பினால் மட்டும், கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்ததாகச் சொல்வார்கள். பார்த்திருப்பீர்களே?

அந்த இனத்துக்கே தலைவர் ஒரு தையல்காரர். மதியம் சாப்பிட்டுவிட்டு மிஷினில் உட்கார்ந்தால் யோசனை பிய்த்துக்கொண்டு வரும். அதன் கட்டங்கள் அவர் மனைவிக்கு மனப்பாடம். முதலில் இமை சொருகும். உடனே மாடிப்படி தவறியவர் மாதிரி உடம்பைத் தூக்கிப் போடும், கால் மிதியை ஓர் உதை விடும், மிஷின் தன் பாட்டுக்கு ஓடும். அப்புறம் மரக்கட்டை. பக்கத்தில் இடியே விழட்டும், அசைய மாட்டார். கடைசியில் கனவு: இமைக்குள் விழி உருளும், உதடு துடிக்கும், கால் கட்டைவிரல் மட்டும் யாருக்கோ தாளம் போடும்.

அதனால் இமை சொருகியதுமே மனைவி பூனை மாதிரி வந்து மிஷின் பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் போவாள். பதினெட்டு வருஷமாக. அவரோ விழித்ததும், தானாகக் கழன்றுகொள்ளும் பெல்ட்டை வாய் நிறையத் திட்டுவார். இதுவரை மூன்று பெல்ட் மாற்றியாயிற்று.

இப்படியிருக்க ஒரு நாள் மதியம். மறுநாள் மகளுக்கு ஆய்வுக்கூடத்தில் முதல் நாள் வேலை. வெள்ளைக் கோட்டு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். வீட்டில் இருந்தது ஒரே ஒரு கோட்டுக்கான துணிதான். கைமடிப்புதான் பாக்கி, மனைவி பொத்தான் வாங்கக் கிளம்பினாள்.

"தூங்கிடாதீங்க."

"நான் என்னைக்குடி தூங்கியிருக்கேன்?"

திரும்பி வந்தபோது கோட்டின் வலது கையின் வாய் முழுக்கத் தைத்து மூடியிருந்தது. மகள் கையை விட்டுப் பார்த்தாள். விரல்நுனி தையலில் முட்டி நின்றது. அப்புறம் தையலை விரலால் தடவி, ஆய்வுக்கூடக் குரலில் படித்தாள்: "இந்த நீளத் தையல், தூக்கிப் போட்டது. இங்க ஊசி அப்படியே நின்னிருக்கு, மரக்கட்டை. இந்தப் பொடித் தையல் கனவு. என்னப்பா கனவு?"

அவர் பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னைக்கு மட்டும் ஏன் இது கழலல?" என்றார். மனைவி பொத்தானை வைத்துவிட்டு ஊசியால் தையல் பிரிக்க உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். பிறகு கோட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

மகள் கோட்டோடுதான் வேலைக்குப் போனாள். அன்று மதியம் சாப்பிட்டு உட்கார்ந்தவர், தானே குனிந்து பெல்ட்டைக் கழற்றி வைத்தார். தூங்குவதற்கா? சேச்சே. யோசிப்பதற்கு.

சிரிக்கிறீர்களா? நேற்று மதியம் உங்கள் முழங்கையோரம் இருந்த காபி தம்ளர், நீங்கள் 'யோசித்து' முடித்தபோது மேஜையின் அந்தக் கோடிக்கு எப்படிப் போனது? வீட்டில் கேட்டுப் பாருங்கள். ஆனால் 'நான் தூங்கவே இல்லையே' என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.