தகுதியின்மைச் சான்றிதழ்

சாலையில் ஓடும் எந்த வாகனமும், தொழிற்சாலையிலிருந்து எப்படி வெளியே வந்ததோ அப்படியேதான் ஓட வேண்டும் என்பது அரசின் கொள்கை. அந்தக் கொள்கையைக் கட்டிக் காப்பதற்கென்றே ஒரு துறை இருந்தது. துறைக்கு மேட்டின் உச்சியில் ஒரு கட்டடம், கட்டடத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஆய்வுக் கொட்டகை, கொட்டகைக்கு ஓர் ஆய்வாளர். வருகிற வண்டியின் புகைக்குழாயில் கருவியைச் சொருகிப் பார்ப்பார். பிரேக்கை மிதித்துப் பார்ப்பார். இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரில் எவனாவது லேப்டாப்பை மாட்டி, பெட்ரோலையும் காற்றையும் இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைத்து, வண்டிக்கு இல்லாத வேகத்தை வரவழைத்திருக்கிறானா என்று பார்ப்பார். செய்திருந்தால் பெயில். செய்யாவிட்டால் பாஸ். பார்க்காமல் ஒரு கையெழுத்துப் போட்டதில்லை என்பது அவருக்கு ரகசியமான பெருமை.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு பயம், இடமாற்றம். மனைவி அதே மேட்டில், இரண்டு கட்டடம் தள்ளியிருந்த பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஓர் ஊர், அவள் ஓர் ஊர் என்று ஆளுக்கொரு அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டு, யார் யார் காலிலோ விழுந்து, இப்போதுதான் இருவரும் ஒரே வீட்டில் ஒரே விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குகிறார்கள். எல்லைச் சோதனைச் சாவடியில் ஒரு காலியிடம் இருக்கிறது என்று யாராவது பேச்சுவாக்கில் சொன்னாலே அவர் அந்த இடத்தைவிட்டு நழுவிவிடுவார்.

இப்படியிருக்கையில் துறையின் இயக்குநர் ஒரு கார் வாங்கினார். சாதாரணக் கார் இல்லை, பந்தயக் காரின் சித்தப்பா மகன் என்று சொல்லலாம். அதன் முழு வேகத்தில் ஓட அந்த நகரத்தில் சாலை கிடையாது. இருந்த சாலையிலும் காலையில் நடந்து போகிறவர்கள் காரை முந்திக்கொண்டு போனார்கள். ஆனாலும் இயக்குநருக்கு மனநிறைவாகத்தான் இருந்தது, சம்பந்தி வீட்டு விருந்துக்குப் போகும்வரை. சாப்பிட்டுக் கை கழுவும்போது சம்பந்தி சாதாரணமாகக் கேட்டார்:

"நல்ல வண்டிதான். ட்யூனர் யாரு?"

குடும்ப டாக்டர் யார், குடும்ப வக்கீல் யார் என்று கேட்கிற அதே தோரணை. லேப்டாப்பை மாட்டி இன்ஜினின் வேகத்தைக் கூட்டித் தருகிற ஆளுக்குத்தான் ட்யூனர் என்று பேர். ட்யூனர் இல்லாத காரை வைத்துக்கொண்டு பெண்ணைக் கட்டிக் கொடுத்த வீட்டில் நின்ற அவமானம் அவரைத் தூங்கவிடவில்லை. மறுநாள் காலை ஆய்வாளரை அறைக்கு அழைத்தார்.

"ட்யூனர் கை வச்ச வண்டிய எல்லாம் பிடிச்சுப் பெயில் போடறது யாரு?"

"நான்தான் சார்."

"அப்போ எந்த ட்யூனர் நல்லவன்னு உங்களவிட யாருக்குத் தெரியும்? வெளிப்படையான, பாரபட்சமில்லாத முறையில ஒருத்தரத் தேர்ந்தெடுத்துக் குடுங்க."

"சார், நம்ம துறையே அதத் தடை..."

"எல்லையில ஒரு இடம் காலியா இருக்காமே?"

ஆய்வாளர் குறிப்பேட்டை எடுத்துத் தேதி போட்டார்.

அன்றே 'இயந்திர ஆற்றல் மேம்பாட்டாளர் தெரிவு தொடர்பான உயர்நிலைக் குழு' அமைக்கப்பட்டது. ஆய்வாளர் உறுப்பினர். தலைமை எழுத்தர் அம்மாள் செயலாளர். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதனால் பாரபட்சம் வராது என்று சேர்த்துக்கொண்டார்கள்.

நகரத்தில் பேர் சொல்லும்படியாக மூன்று ட்யூனர்கள் இருந்தார்கள். முதல் ஆள் டர்போ. பெற்றோர் வைத்த பேர் அவனுக்கே மறந்துவிட்டது. அவன் தொட்ட வண்டிகள் கொட்டகைக்குள் நுழையும்போதே கூரைத் தகரம் அதிரும். இரண்டாமவர் பேராசிரியர். ஒரு ஸ்க்ரூவைக் கழற்றுவதற்கு முன்னால் காற்றின் இயல்பு பற்றி மதியம்வரை பேசுவார். வண்டிக்காரர் பசி தாங்காமல் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். மூன்றாமவரை எல்லோரும் சாது என்பார்கள். தளர்ந்துபோன வண்டியாக இருந்தால், தொழிற்சாலை குறித்த அளவு வரைக்கும்தான் வேகத்தைக் கூட்டுவார். அதற்கு மேல் கேட்டால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவார்.

ஆய்வாளருக்குச் சாதுவைத்தான் பிடித்திருந்தது. குழுக் கூட்டத்தில் அப்படியே சொன்னார்.

"சாது கை வச்ச வண்டி இதுவரைக்கும் ஒண்ணு கூட பெயிலானதில்ல சார்."

இயக்குநர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒண்ணு கூடவா?"

"ஒண்ணு கூட."

"அப்புறம் அந்த ஆளு என்னதான் வேலை செய்யறாரு?"

தலைமை எழுத்தர் அம்மாள் தொண்டையைச் செருமினார். "டர்போ வண்டி ஒண்ணு கூட பாஸானதில்லைங்க சார்."

"பாத்தீங்களா! அது தொழில்!" என்று மேசையைத் தட்டினார் இயக்குநர். "சட்டத்துக்கு உட்பட்ட வண்டிய வச்சுக்கிட்டு சம்பந்திய எப்படிய்யா முந்தறது? நம்ம துறை ஒரு வண்டிய நிராகரிக்குதுன்னா அந்த இன்ஜின்ல ஏதோ விஷயம் இருக்குன்னுதானே அர்த்தம்? அத அரசாங்கமே சோதிச்சுப் பாத்துச் சொல்லுது. இதவிட நம்பகமான தரச்சான்று எங்க கிடைக்கும்?"

ஆய்வாளர் யோசித்துப் பார்த்தார். அதில் எங்கே தப்பு இருக்கிறது என்று சட்டென்று பிடிபடவில்லை. தப்பு இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. ஆனால் அதை அறிக்கையில் எழுத முடியாது. டர்போ ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டான்.

அலுவலக விஷயம் அலுவலகத்துக்குள்ளேயே இருக்குமா? அந்த வாரமே டர்போவின் பட்டறை வாசலில் பெரிய பலகை ஏறியது: 'துறையால் மிக அதிகமாக நிராகரிக்கப்பட்டவர்'. பட்டறையில் கூட்டம் நெரிந்தது. வசதியுள்ளவர்கள் வீட்டில், வரவேற்பறைச் சுவரில், பிள்ளையின் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் காரின் நிராகரிப்புச் சீட்டு சட்டம் போட்டுத் தொங்க ஆரம்பித்தது. பாஸான வண்டி வைத்திருப்பவர்களிடம் ஜனங்கள் கொஞ்சம் தணிந்த குரலில், உடம்பு சரியில்லாதவரிடம் பேசுவது மாதிரி பேசினார்கள்.

ஒரு பல் டாக்டர் கொட்டகைக்கே வந்து அழுதார்.

"என் வண்டிய ஏன் சார் பாஸ் பண்ணீங்க? நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்?"

"உங்க வண்டியில ஒரு குறையும் இல்ல டாக்டர்."

"இத நான் என் மாமனார்கிட்ட சொல்ல முடியுமா? நல்லாத் தேடிப் பாருங்க சார். பின்னாடி லைட்டாவது எரியாம இருக்கும்."

பேராசிரியர் வந்தார். தன் வண்டிகளில் பாதியைத் துறை வேண்டுமென்றே பாஸ் செய்து தன் தொழிலைக் கெடுப்பதாகக் கண்டனம் தெரிவித்தார். அதைத் தெரிவித்து முடிக்க மதியமாகிவிட்டது. கடைசியில் சாதுவே வந்தார். தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"சார், மூணு வாரமா கடைப் பக்கம் ஒரு ஆளு வரல. எனக்கும் பொண்டாட்டி பிள்ளைங்க இருக்கு. ஒரே ஒரு பெயில் போட்டுக் குடுங்க சார். சின்னதா இருந்தாலும் பரவாயில்ல."

ஆய்வாளருக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் நல்ல வண்டிக்கு எப்படிப் பெயில் போடுவது? முடியாது என்று சொல்லி அனுப்பினார். மறுவாரம் சாது ஒரு காரைக் கொண்டுவந்தார். அதன் புகைக்குழாயில் அவரே துளைபோடும் மிஷினை வைத்து நாலைந்து ஓட்டை போட்டிருந்தார். வண்டி தாராளமாகப் பெயிலானது. சாது கண்ணீர் மல்க நன்றி சொன்னார்.

துறையும் சும்மா இருக்கவில்லை. 'பொதுமக்களின் பேராதரவைக் கருத்திற்கொண்டு' நிராகரிப்புகள் மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டன: சாதாரண நிராகரிப்பு, சிறப்பு நிராகரிப்பு, உயர்சிறப்பு நிராகரிப்பு. கடைசி வகைச் சீட்டுக்கு ஓரத்தில் தங்க நிறக் கோடு உண்டு. ஒரே ஒரு விதி மட்டும் பழையபடியே இருந்தது: நிராகரிக்கப்பட்ட வண்டி சாலையில் ஓடக்கூடாது. அதை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே நகரத்தின் மிக வேகமான கார்கள் எல்லாம் கொட்டகையிலிருந்து கட்டி இழுத்து வரப்பட்டு, அவரவர் வீட்டு வாசலில் உறை போட்டு நின்றன. ஞாயிற்றுக்கிழமை உறையை எடுத்து, நின்ற இடத்திலேயே இன்ஜினை உறுமவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துகிறாரா என்று பார்த்துக்கொண்டார்கள். மற்ற நாட்களில் எல்லோரும் பஸ்ஸில் போனார்கள்.

இயக்குநர் காரை டர்போவிடமிருந்து எடுத்துக்கொண்டு வந்த அன்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. "ஆக்ஸிலேட்டர்ல கால வச்சா முதுகு சீட்டோட ஒட்டிக்குதுய்யா!" என்று கடைநிலை ஊழியர்வரை கூப்பிட்டுச் சொன்னார். ஆய்வுக்கு நாள் குறிக்கப்பட்டது. உயர்சிறப்பு நிராகரிப்பை நேரில் காண சம்பந்திக்கு அழைப்பு போனது.

குறித்த நாளன்று மத்தியானமே ஆய்வாளர் கொட்டகையைச் சாத்திக்கொண்டு காரை ஒரு முறை சோதித்தார். புகை சரியாக இருந்தது. சத்தம் சரியாக இருந்தது. கம்ப்யூட்டரில் யாரும் கை வைத்த அடையாளமே இல்லை. தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே, அரசின் கொள்கையே உருவெடுத்து வந்தது போல நின்றது கார். டர்போவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"என்னப்பா பண்ணி வச்சிருக்க இந்த வண்டிய?"

"ஒண்ணும் பண்ணல சார்."

"அதத்தாம்பா கேக்கறேன்!"

டர்போ குரலைத் தாழ்த்தினான். "டைரக்டர் வண்டில கை வைக்க நான் என்ன பைத்தியமா? நாளைக்கு நடுரோட்டுல நின்னா என் கடைக்கு சீல் வச்சிருவாரு. நல்லாக் கழுவி, பக்கத்துல ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக் குடுத்தேன். அவருக்கு முதுகு ஒட்டிக்கிச்சுன்னா அது அவரு முதுகு சார்."

சாயங்காலம் கொட்டகைக்கு ரிப்பன் கட்டியிருந்தார்கள். இயக்குநர், சம்பந்தி, டர்போ, வேடிக்கை பார்க்க வந்த பல் டாக்டர், பிரிவு அலுவலர்கள் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். ஆய்வாளர் கருவியைச் சொருகினார், எடுத்தார், மறுபடி சொருகினார். பாஸ் என்று சொல்ல வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. பக்கத்தில் தலைமை எழுத்தர் அம்மாள் பேனாவை நீட்டினார். அவருடைய இன்னொரு கையில் எல்லைச் சாவடிக்கான உத்தரவு இருந்தது, பேர் எழுத வேண்டிய இடம் மட்டும் காலி. ஆய்வாளர் தன் வீட்டை நினைத்தார். அந்த ஒரே விளக்கை நினைத்தார்.

"உயர்சிறப்பு நிராகரிப்பு," என்றார்.

கை தட்டலில் கூரை அதிர்ந்தது. சம்பந்தியின் முகம் சுண்டிப்போனது. இயக்குநர் ஆய்வாளரைக் கட்டிப்பிடித்து, "உங்கள இந்த ஊரவிட்டு யாரும் அசைக்க முடியாதுய்யா" என்றார். ஆய்வாளருக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும் போலவும் இருந்தது.

அந்த நேரத்தில் வெளியே ஹாரன் சத்தம். கொட்டகை வாசலில் ஒரு டவுன் பஸ் நின்றது. டிரைவர் இறங்கி வந்தார்.

"சார், இன்னிக்கு ஆய்வுக்கு நாள் குடுத்திருந்தீங்க. காலையிலேருந்து நிக்கறேன். பிரேக் கொஞ்சம் லேட்டாத்தான் பிடிக்குது, ஒரு தடவை பாத்துருங்க."

"வண்டிய எங்க விடறது?" என்று கேட்டார் இயக்குநர். கொட்டகை முழுவதும் அவருடைய கார் நின்றது. நிராகரிக்கப்பட்ட வண்டி ஆயிற்றே, அதை ஓட்டி நகர்த்துவது விதிமீறல்; கட்டி இழுக்கிற வண்டி மறுநாள்தான் வரும். "பஸ்ஸெல்லாம் யாருய்யா ட்யூன் பண்ணப் போறா? நிராகரிக்கிறதுக்கு அதுல என்ன இருக்கு? பாஸ் போட்டு அனுப்புங்க."

"சார், பிரேக்கு..." என்றார் டிரைவர்.

ஆய்வாளர் டிரைவரைப் பார்த்தார். இயக்குநரைப் பார்த்தார். இன்று ஒரு தடவை பொய் எழுதிப் பழகிய கை, இரண்டாவது தடவை தானாகவே பேனாவை எடுத்தது. பாஸ் போட்டார்.

அலுவலகம் முடிந்தது. வீட்டுக்குப் போக வேண்டும். இயக்குநரின் கார் ஓடக்கூடாது. சம்பந்தியின் கார் எப்போதோ நிராகரிக்கப்பட்டு வீட்டில் நிற்கிறது. டர்போவுக்கு வண்டியே கிடையாது. வாசலில் தயாராக நின்றது அந்த டவுன் பஸ்தான். எல்லோரும் அதிலேயே ஏறினார்கள். பள்ளிக்கூட வாசலில் ஆய்வாளரின் மனைவியும் ஏறினாள். அவர் கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்தார்.

"என்னங்க, முகமெல்லாம் ஒரு மாதிரி இருக்கு? மாத்திட்டாங்களா?"

"இல்லம்மா. இனிமே மாத்த மாட்டாங்க."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸுக்குள் ஒரே பேச்சாக இருந்தது. யார் காருக்கு எத்தனை குதிரைத்திறன், யாருடைய சீட்டில் தங்கக் கோடு இருக்கிறது என்று ஆளாளுக்குச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார்கள். இயக்குநர் தன் சீட்டைச் சம்பந்தியின் மூக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டே வந்தார்.

"இந்த பஸ்ஸு என்ன ஆச்சு?" என்று கேட்டாள் மனைவி. "அதுக்கும் இன்னிக்குத்தானே ஆய்வு? பாஸா, பெயிலா?"

ஆய்வாளர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "பாஸ்," என்றார்.

முன் சீட்டில் இருந்த பல் டாக்டர் காதில் அது விழுந்துவிட்டது. "பாஸா! அட பாவமே!" என்று உரக்கச் சொன்னார். பஸ் முழுவதும் குபீரென்று சிரித்தது. பாஸான வண்டியில் போகிற நிலைமைக்கு வந்துவிட்டோமே என்று இயக்குநர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். சம்பந்திக்கும் அன்றைக்கு முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. ஆய்வாளரும் சிரித்தார், சிரிக்காவிட்டால் நன்றாக இருக்காது என்று.

பஸ் மேட்டின் விளிம்பைத் தாண்டி இறக்கத்தில் திரும்பியது. டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் பிரேக்கை ஒரு தடவை மிதித்துவிட்டுக் காலை எடுத்து, இன்னொரு தடவை மிதித்தார்.

"ஆஹா, என்ன வேகம்!" என்றார் பின்னாலிருந்து யாரோ. "இதுக்கு ட்யூனர் யாருப்பா?"