பங்குனியில் கொண்டாடிய நத்தார்

வால்தம்ஸ்டோ, லண்டன்
13.03.1989

மதிப்புக்குரிய மச்சான் ஞானரட்ணம் அவர்களுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நாங்கள் மூவரும் சுகம். என் இடுப்பை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மன்னாரில் உங்களையும் மாமியையும் தபசு காலச் செபங்களில் நாங்கள் மறப்பதில்லை. தபசு காலம் என்றதும்தான் ஞாபகம்: விரதமிருக்க வேண்டிய நேரத்தில், மார்கழியில் பிறந்த பாலயேசுவுக்கு நேற்று நாங்கள் நத்தார் கொண்டாடினோம். கோபிக்காமல் முழுவதும் வாசியுங்கள்.

உங்கள் தங்கை மெற்றில்டாவும் பிள்ளை றோஸ்மலரும் உங்கள் வீட்டிலிருந்து என்னிடம் வந்து ஐந்து மாதமாகிறது. பிள்ளை பிறக்குமுன் நாட்டைவிட்டு ஓடிவந்தவன் நான். ஐந்து வயதில்தான் அவள் என் முகத்தைக் கண்டாள். கண்ட நாள்முதல் 'அங்கிள்' என்றே கூப்பிடுகிறாள். மரியாதையான பிள்ளை, உங்கள் வளர்ப்பு. போன கிழமை, "அங்கிள், நீங்கள் எப்ப உங்கட வீட்டுக்குப் போவியள்?" என்று கேட்டாள். பெற்றோல் நிலையத்தில் இரவும் பகலும் ஷிப்ட் செய்து நான் வாடகை கட்டுகிற வீட்டில் வைத்தே இந்தக் கேள்வி, மச்சான்!

சௌத்தெண்ட் போகும் தெருவோரத்தில் 'வருடம் முழுவதும் நத்தார்' என்று பலகை போட்ட ஒரு விளையாட்டுப் பூங்கா இருக்கிறது. பிள்ளையின் மனதைப் பிடிக்கலாம் என்று, பூசை முடிந்த கையோடு இருவரையும் என் பழைய காரில் ஏற்றிக்கொண்டு போனேன். நல்ல மழை. வாசலில் ஒரு சிமெந்து நத்தார் தாத்தா, மூக்கு உடைந்து, தாடியில் பாசி பிடித்து, உடம்பெல்லாம் சாயம் உரிந்து நின்றார். மெற்றில்டா பார்த்துவிட்டு, "இது நத்தார் தாத்தாவோ, வேதாகமத்தில வாற புண் பிடிச்ச யோபுவோ?" என்று கேட்டாள். உள்ளே எங்களைத் தவிர ஒரு சனமில்லை. டிக்கெட் கிழித்த கிழவரே ஓடிப்போய்த் தாடி கட்டிக்கொண்டு நத்தார் தாத்தாவாக வந்தார்; பிறகு அந்தத் தாடியோடேயே இராட்டினத்தையும் ஓட்டினார்.

அந்த இராட்டினத்தில் குதிரைகளுக்குப் பதிலாக மரக் கலைமான்கள். ஒன்றுக்குத் தலை இல்லை. பிள்ளை பயந்து, "முதல் நீங்கள் ஏறுங்கோ அங்கிள்" என்றாள். ஏறினேன். அது ஒரு முனகலோடு கிளம்பி, பேய் பிடித்ததுபோல் சுற்றத் தொடங்கியது. இறங்குவோமென்றால் என் கோட் மானின் கொம்பில் கொழுவிவிட்டது. "ஸ்டொப்! ஸ்டொப்!" என்று கத்தினேன். கிழவருக்குக் காது கேளாது. நான் குதூகலிக்கிறேன் என்று நினைத்துக் கையசைத்தார்.

அப்போதுதான் பிள்ளை வேலிக்குக் கீழால் புகுந்து ஓடிவந்தாள். "அப்பா! இறுக்கிப் பிடியுங்கோ அப்பா!" என்று கத்திக்கொண்டு இராட்டினத்தோடு சேர்ந்து ஓடினாள். பிறகு கிழவரிடம் பாய்ந்து, "என்ர அப்பாவை விடு!" என்று தாடியைப் பிடித்து இழுக்க, அது அவள் கையோடு வந்துவிட்டது. கிழவர் இயந்திரத்தை நிறுத்தினார். நான் இறங்கின வேகத்தில் இடுப்பு அடிபட விழுந்தேன். பிள்ளை அழுதழுது என் நெஞ்சில் குத்தினாள். "ஏன் அப்பா ஏறினனீங்கள்?"

நல்ல குத்து, மச்சான். இன்னும் நோகிறது. தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

எது எப்படியோ, அது உயிருக்கு ஆபத்தான இடம். ஒருவரையும் அங்கே போகச் சொல்லமாட்டேன். மாமிக்கு என் தோத்திரம். மடுமாதா உங்கள் எல்லோரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக.

இங்ஙனம்,
உங்கள் அன்பு மச்சான்
யேசுரட்ணம்

பி.கு: அண்ணை, நான் மெற்றில்டா. தபாலில போட முதல் வாசிச்சுப் பாத்தன். இவற்ர கோட் ஒரு கொம்பிலயும் கொழுவேல்லை. கிழவருக்குக் காதும் நல்லாக் கேக்கும். பிள்ளை 'அப்பா' எண்டு கத்தின உடனேயே அந்த மனுசன் மிசினை நிப்பாட்டப் போனவர். இவர்தான் பிள்ளைக்குத் தெரியாமல், இன்னும் சுத்து, இன்னும் சுத்து எண்டு கையைக் காட்டினவர். நானும் கண்டுகொண்டு பேசாமல்தான் நிண்டனான்.