சிரிக்கும் அடுப்பும் ஏழு கிலோ சவுக்கும்

பாகூர்,
வெள்ளிக்கிழமை

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய செல்வகுமாரி சித்திக்கு, கீர்த்தி எழுதிக்கொள்வது. புகைக்குப் பழகிய அளவில் நாங்கள் மூவரும் நலம். சித்தப்பாவின் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? போனில் பேசலாம்தான், ஆனால் அம்மா காதுக்கு எட்டாத மூலை எங்கள் வீட்டில் இல்லை.

சித்தி, நீங்கள் சொல்லி வாங்கித் தந்த அடுப்புத் திட்ட வேலையை விட்டுவிடப் போகிறேன். திங்கட்கிழமை திட்ட அதிகாரி சார்லஸ் சார் என் நோட்டைப் பார்க்க வருகிறார். பழைய அடுப்பைவிடப் புதிய அடுப்பு குறைவான விறகில் எரிகிறது என்று எங்கள் வீட்டிலேயே ஒரு வாரம் எடை போட்டு நான் காட்ட வேண்டும். காட்டினால் எனக்கு வேலை நிரந்தரம், எங்கள் தெருவில் பதினான்கு வீட்டுக்கும் அடுப்பு. பழைய அடுப்பில் நாளுக்கு நான்கு கிலோ சவுக்கு விறகு எரிந்தது. புதியதில் நேற்று ஏழு கிலோ.

அடுப்பில் குறையில்லை. பயிற்சியில் தெளிவாகத்தான் சொன்னார்கள். காய்ந்த விறகைச் சிறிதாகப் பிளந்து கொஞ்சம் கொஞ்சமாக வைக்க வேண்டும், தீ பிடிக்கும்வரை காற்று மூடியைத் திறந்து வைத்து, பிடித்ததும் பாதி மூட வேண்டும், முழுக்கத் திறந்திருந்தால் சூடெல்லாம் புகைபோக்கி வழியே வானத்துக்குப் போய்விடும், அப்போது அடுப்பு ஹோவென்று சத்தம் போடும். இந்தச் சத்தத்தில்தான் சித்தி என் வாழ்க்கை மாட்டிக்கொண்டது. இப்படிச் சத்தம் போட்டு அடுப்பு சிரித்தால் விருந்தாளி வருவார்கள் என்பது உங்கள் அக்காவின் நம்பிக்கை. பழைய அடுப்பு மாதம் ஒருமுறை சிரிக்கும். இது மூடியைத் திறந்தால் போதும், மூன்று வேளையும் சிரிக்கிறது. அது சிரிக்கச் சிரிக்க அம்மா உலையில் அரிசியைக் கூட்டுகிறார், அரிசி கூடக் கூட விறகும் கூடுகிறது. நான் பாதி மூடினால், "இன்னாடி பண்ற? சிரிக்கிற அடுப்பு வாய மூடுவாங்களா? வூட்டுக்கு வர்ற சனம் திரும்பிப் போயிடும்" என்று மறுபடி திறந்துவிடுகிறார். சூட்டை அளக்க அலுவலகத்தில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி கொடுத்திருக்கிறார்கள். அதை அடுப்பின் மேல் நீட்டினால், "கொரோனா வந்துச்சா அதுக்கு?" என்கிறார். சமைத்த சோறு மீந்துபோகக் கூடாதென்று, போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைக்கிறார். விருந்தாளி வந்தாயிற்றாம், அடுப்பு சொன்னது பலித்துவிட்டதாம்.

நேற்று அம்மா நூறு நாள் வேலைக்குப் போனதும், இன்றைக்காவது அடுப்பைச் சிரிக்க விடக்கூடாது என்று மூடியை முழுக்க மூடினேன். அது நான் செய்த தப்பு, நோட்டிலும் எழுதியிருக்கிறேன். காற்றில்லாமல் விறகு குமுறிப் புகை கூரை முட்ட நிறைந்தது. பயந்துபோய் மூடியைச் சட்டென்று திறந்தேன். புகை முழுவதும் பொக்கென்று பற்றி, என் துப்பட்டா முனை கருகியது. அதற்குள் பக்கத்து வீட்டு ஆரோக்கியசெல்வி அக்கா, "அய்யோ, கீர்த்தி வூடு எரியுது, ஓடியாங்க!" என்று கத்திவிட்டார். அவரோடு சேர்த்து எட்டுப் பேர் குடத்தோடு வந்தார்கள். நான் பி.எஸ்சி. கணிதம் படித்தவள், எரியவில்லை என்று ஒரு வார்த்தை உரக்கச் சொல்லியிருக்கலாம். கூட்டத்தைப் பார்த்ததும் "பரிசோதனை" என்றேன், எனக்கே கேட்கவில்லை. ஒரு வாரமாக வெயிலில் காயவைத்த விறகின் மேல் எட்டுக் குடம் தண்ணீரும் கொட்டப்பட்டது. வேலை முடிந்து வந்த அம்மாவுக்கு என்ன சந்தோஷம்! "காலைல சிரிச்சுதே, சொன்னேனே! எட்டு பேரு வந்துட்டாங்க பாரு" என்று அத்தனை பேருக்கும் சாம்பாரும் சோறும் ஆக்கிப்போட்டார். அப்பாவும் அவர்களோடு உட்கார்ந்து, "நல்ல அடுப்பும்மா" என்று எனக்கு ஆறுதல் சொல்கிறார். அந்த ஏழு கிலோதான் சித்தி, என்னை வீட்டுக்கு அனுப்பப் போகிற ஏழு கிலோ.

ஆகவே, கீர்த்திக்கு இந்த வேலை சரிப்படாது என்று நீங்களே சார்லஸ் சாரிடம் சொல்லிவிடுங்கள். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. ஞாயிற்றுக்கிழமை நீங்களும் சித்தப்பாவும் வருவதாகச் சொன்னீர்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம், வராதீர்கள், இரண்டு பேருக்கு உலை கூடினால் நோட்டு தாங்காது. உங்கள் ஆசீர்வாதம் மட்டும் வந்தால் போதும், அதற்கு விறகு வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் அக்காள் மகள்
கீர்த்தி

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைத் தவளக்குப்பத்துக்கு உங்களிடம் எடுத்து வர ஆரோக்கியசெல்வி அக்கா வந்தார். ஏன் அழுதாய் என்று கேட்டதால் நோட்டைக் காட்டினேன். "முன்ன மூணு பேருக்கு நாலு கிலோ. நேத்து பதினோரு பேரு தின்னோம், ஏழு கிலோ. ஆளுக்கு எத்தினின்னு வகுத்துப் பாக்க மாட்டியாடி? இன்னா கணக்கு படிச்ச நீ?" என்றார். வகுத்தேன். தலைக்குப் பாதி விறகுகூட ஆகவில்லை சித்தி. வாரம் முழுக்க யார் யார் சாப்பிட்டார்கள் என்று அம்மாவிடம் கேட்டேன், பெயரோடு சொன்னார், எழுதிக்கொண்டேன். சாரிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள். மூடியைப் பாதி மூடத்தான் போனேன், அடுப்பு சிரித்துக்கொண்டிருந்தது, அப்படியே விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி நீங்கள்தான் என்கிறார் அம்மா. அவசியம் வாருங்கள். அடுப்பைப் பொய்யாக்கிவிடாதீர்கள்.