சிக்னல் கங்காணியின் பெரட்டு

இந்த நாட்டில் இன்டர்நெட்டுக்குப் பெரட்டுக் கூப்பிட்ட ஒரே மனிதர் எங்கள் சிக்னல் கங்காணிதான். வேறு யாராவது உண்டென்றால் எனக்கு எழுதுங்கள். நான் நம்பமாட்டேன், இருந்தாலும் எழுதுங்கள்.

பெரட்டு என்றால் தோட்டத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை: காலையில் வேலை மேற்பார்க்கும் கங்காணி எல்லோரையும் களத்தில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு, நீ இந்த மலைக்கு, நீ அந்த நிரைக்கு என்று வேலை பிரிப்பது. பிந்தி வந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம். எங்கள் கங்காணிக்கு வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தார்கள். பெரட்டுக் கூப்பிடும் குரலுக்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை. அது சும்மா கிடந்து தவித்துக்கொண்டிருந்தது.

எங்கள் தோட்டம் யட்டியாந்தோட்டையிலிருந்து மேலே ஏறும் பாதையில், கீழே ரப்பரும் மேலே தேயிலையுமாகக் கிடக்கிறது. ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்கள் இருப்பது பள்ளத்தில். அங்கே போனைக் கையில் வைத்திருப்பதும் சவர்க்காரக் கட்டியைக் கையில் வைத்திருப்பதும் ஒன்றுதான். சவர்க்காரத்தால் குளிக்கவாவது முடியும். சிக்னல் வேண்டுமென்றால் தேயிலைக்குள் புகுந்து, வழியெல்லாம் அட்டைகளுக்கு இரத்ததானம் செய்துகொண்டு, உச்சியில் இருக்கும் பாறைக்கு ஏற வேண்டும்.

கொரோனாக் காலத்தில் பள்ளிக்கூடம் முழுவதும் போனுக்குள் போய்விட்டது. கொழும்பில் ஒரு பத்திரிகையில் வேலை செய்துகொண்டிருந்த நானும் வீட்டுக்கு வந்து மாட்டிக்கொண்டேன். தோட்டமே பாறையில்தான் இருந்தது. சூம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள், வெளிநாட்டில் இருக்கும் அம்மாவோடு பேச வந்தவர்கள், சும்மா வீடியோ பார்க்க வந்த இளவட்டங்கள் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஒரு பிள்ளையின் கணக்கு வகுப்பில் பக்கத்து அக்காவின் குடும்பச் சண்டை முழுவதும் ஒலிபரப்பானது. டீச்சர் கணக்கை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

மறுநாள் கங்காணி வந்து சேர்ந்தார். காக்கி அரைக்காற்சட்டை, பழைய கோட்டு, கையில் கம்பு, கோட்டுப் பையில் ஒரு பொத்தான் போன். அந்தப் போனில் இன்டர்நெட் கிடையாது. டோர்ச் உண்டு. வந்தவர் பாறையில் சுண்ணாம்பால் கோடு இழுத்து நிரை பிரித்தார். சிக்னல் நன்றாக எடுக்கும் நடுப்பகுதி படிக்கிற நிரை. அடுத்தது வெளிநாட்டு நிரை. ஓரத்தில், சிக்னல் வந்தும் வராமலும் சாகும் இடத்தில், 'மத்தது'. நேரம் முடிந்ததும் கம்பைத் தட்டி "அடுத்தது!" என்பார். கோப்பிக் காலத்து வெள்ளைக்காரத் துரை கல்லறையிலிருந்து எழும்பி வந்து நின்றாலும் அந்தச் சத்தத்துக்கு இடத்தை விட்டுவிட்டு நகர்ந்திருப்பார்.

படிக்கிற நிரையில் ஒரு பையன் தினமும் நெளிந்துகொண்டு நின்றான். கங்காணி பின்னால் போய் நின்று கேட்டார்.

"என்னா படிப்பு?"

"கம்ப்யூட்டர் கோர்ஸ் கங்காணி."

"கம்ப்யூட்டர் எதுக்குடா ஒன்னய 'சாப்டீங்களா'ன்னு கேக்குது? போ மத்ததுக்கு!"

இன்டர்நெட் என்பது எதிர் மலையிலிருந்து காற்று மாதிரி வருகிறது என்பது அவருடைய முடிவு. ஆகவே உயரமானவர்கள் முன்னால் நிற்கக்கூடாது. "நீ கொக்கு மாதிரி நின்னா பின்னுக்கு இருக்குற புள்ளைக்கு நெட்டு எப்பிடிப் போவும்? குந்து!" நான் கொஞ்சம் படித்தவள் என்ற மிதப்பில், அது அப்படி மறைபடாது கங்காணி, ஆளை ஊடுருவிக்கொண்டு போகும் என்று விளக்கினேன். அவர் திடுக்கிட்டுப் போனார். "ஆளுக்குள்ள பூந்தா போவுது? புள்ளத்தாச்சிப் பொம்பளைங்க எல்லாம் பின்னுக்குப் போங்க!" அன்றிலிருந்து நான் வாயைத் திறக்கவில்லை.

எனக்கு அவர் வைத்த பேர் பேப்பர் புள்ள. ஒருநாள் மழையால் பிந்திப் போனேன். "பேப்பர் புள்ள, மணி என்னா? லேட்டு. அரைப்பேர்." எவ்வளவு கெஞ்சியும் பாதி நேரம்தான் கொடுத்தார். கட்டுரையில் பாதிதான் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது. இந்தமுறை சுருக்கமாக நன்றாக எழுதியிருக்கிறாய் என்று ஆசிரியர் பாராட்டினார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இத்தனை கெடுபிடிக்கும் நடுவில் கங்காணிக்கென்று ஒரு நேரம் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை, எல்லோருக்கும் கடைசியாக, வெளிநாட்டு நிரையில் போய் நிற்பார். குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்த மகள் புவனா அந்தப் பொத்தான் போனுக்குக் கோல் எடுப்பாள். பேசி முடித்ததும் நேரே இறங்கிப் போய் மனைவியிடம் ஒப்பிக்க வேண்டும். கங்காணியம்மா மலையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தவர். லயத்து வாசலுக்கு வருவதே அவருக்குப் பெரிய பயணம். பாறை அவருக்கு இன்னொரு குவைத்.

"நல்லா இருக்காளாம்," என்பார் கங்காணி.

"மெலிஞ்சிட்டாளா?"

"கொரல்ல எப்பிடித் தெரியும்?"

நான் ஒருமுறை புவனாவிடம் படம் அனுப்பச் சொல்லி வாங்கிக் கொண்டுபோய்க் காட்டினேன். கங்காணியம்மா பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "போட்டோவுல எல்லாரும் சிரிக்கத்தான் செய்வாங்க தாயி. பேசுறப்ப மூஞ்சியப் பாக்கணும்." அதுதான் அவருடைய ஒரே ஆசை. லயத்துக்குச் சிக்னல் வந்தால், தன் ஒற்றை அறைக் காம்பராவில் உட்கார்ந்தபடியே மகள் பேசுவதைப் பார்த்துவிடலாம். கங்காணிக்கும் அதே ஆசைதான், வெளியில் சொல்ல மாட்டார். தேர்தலுக்கு வருகிறவர்களிடம் மட்டும் ரோட்டு வேண்டாம், கூரைத் தகரம் வேண்டாம், டவர் ஒன்று கொடுங்கள் என்பார். அவர்கள் தகரத்தைக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

கொரோனா ஓய்ந்தும் பாறை ஓயவில்லை. வகுப்புகள் பாதி போனிலேயே நின்றுவிட்டன, நானும் வீட்டிலிருந்தே எழுதப் பழகிவிட்டேன். அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. தோட்டப் பக்கங்களுக்கு டவர் போடப் போகிறார்கள், எங்கே தேவை என்று பார்க்க உத்தியோகத்தர்கள் வருகிறார்கள்.

கங்காணிக்கு இளமை திரும்பிவிட்டது. தோட்டத்தில் விசிட்டு என்றால் ஒரு முறை இருக்கிறது. கம்பெனியின் பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்றால் ரோட்டோர மலையில் புல் வெட்டுவோம், தண்ணீர் ஓடும் கான்களைத் துப்புரவு செய்வோம், நல்லாக் கொழுந்தெடுக்கும் பெண்களை முன்னால் நிறுத்துவோம். குடிகாரர்களை மறுபக்க மலைக்கு அனுப்பிவிடுவோம். காய்ந்துபோன மலைப் பக்கம் யாரையும் கூட்டிப் போகமாட்டோம். கங்காணி தன் காலத்தில் ஒரு விசிட்டிலும் கெட்ட பேர் வாங்கியது கிடையாது. அதை அவரே சொல்லுவார், கேட்காமலே சொல்லுவார்.

விசிட்டன்று பாறைக்குப் போகும் பாதையோரக் கற்களுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்திருந்தது. அட்டைக்கு உப்புத் தூவியிருந்தது. பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில் நிரைக்கு நிரை நின்றார்கள். "எல்லாரும் போன ஓப் பண்ணுங்க! வெளியாளுங்க முன்னுக்கு நெட்டு இழுத்துக்கிட்டு நின்னா தோட்டத்துக்கு மரியாத இல்ல!" என்று உத்தரவு. எல்லோரும் அணைத்தோம். வானமும் அன்றைக்கென்று பளிச்சென்று இருந்தது. உத்தியோகத்தர்கள் மூச்சு வாங்க ஏறி வந்து கருவியைப் பிடித்தார்கள். அத்தனை போனும் வாயை மூடியிருந்ததில் இன்டர்நெட் குதிரை வேகத்தில் ஓடியது.

"மெத்தன சிக்னல் நியமய் சேர்!" இங்கே சிக்னல் பிரமாதம் என்று கங்காணி சிங்களத்தில் முழங்கினார்.

"ப்ரஷ்ணயக் நேத்த?" பிரச்சினை ஒன்றும் இல்லையா என்று உத்தியோகத்தர்களில் பெரியவர் கேட்டார்.

"கிசிம ப்ரஷ்ணயக் நே சேர்!"

ஒரு பிரச்சினையும் இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். நாங்களும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோம். ஒருவருக்காவது உறைத்ததா? இல்லை. லயத்துப் பக்கமும் பார்க்கலாமா என்று இளையவர் கேட்டபோது, அங்கே சேறு, சப்பாத்து கெட்டுப்போகும் என்று கங்காணி தடுத்துவிட்டார். கீழே கங்காணியம்மா நல்ல சேலை உடுத்தி, தட்டில் பிஸ்கட் அடுக்கி, தன் குறையைச் சொல்வதற்காக வாசலில் காத்துக்கொண்டிருந்தார். அவர்கள் அந்தப் பக்கம் வரவே இல்லை.

சில மாதம் கழித்து டவர் எழும்பியது, பக்கத்துத் தோட்டத்தில். இடையில் மலை மறைத்ததால் எங்கள் லயத்துக்கு அதன் உச்சியிலிருந்த சிவப்பு விளக்கு மட்டும்தான் கிடைத்தது. விஷயத்தைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளைதான் கங்காணியிடம் சொன்னார். "ஒங்க பக்கம் சிக்னல் நல்லா இருக்குன்னு எழுதிட்டுப் போய்ட்டாங்க கங்காணி."

கங்காணி, "அப்ப டவர நான்தான் வெரட்டி விட்டேனுங்களா ஐயா?" என்று கேட்டார். தோட்டத்தில் ஒருவரும் அவரைத் திட்டவில்லை. கங்காணியம்மாகூட, "விசிட்டு வந்தா நல்ல மலையக் காட்டுறதுதானே ஒங்க புத்தி," என்று சிரித்துவிட்டு விட்டுவிட்டார். திட்டியிருந்தால் மனிதர் தாங்கியிருப்பார். அந்தச் சிரிப்பை அவரால் தாங்க முடியவில்லை. பாறைக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

பாறை மறுபடியும் சந்தைக்கடையானது. கொக்குகள் முன்னால் நின்றன. கம்ப்யூட்டர் கோர்ஸ் பையன் படிக்கிற நிரைக்குத் திரும்பினான். ஆனால் கடைசியில் யோசனை சொன்னவனும் அவன்தான். "டவர் வராட்டி என்னா? அம்மாவத் தூக்கிட்டு வருவோமே!" ஒரு பிளாஸ்டிக் கதிரையின் இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி, ஒரு வெள்ளிக்கிழமை கங்காணியம்மாவைப் பையன்கள் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். வழி நெடுக அவர் ஏசிக்கொண்டே வந்தார். பின்னால் கங்காணி, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

"பெரட்டுக் கூப்பிடுங்க கங்காணி," என்றேன். முதலில் மாட்டேன் என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். கடைசியாக, நாலு பேர் முன்னால் தன் வாயால் சொல்லியே இராத பேரை, மெதுவாக: "ராமாயி."

"வந்திருக்கேனுங்க," என்றார் கங்காணியம்மா. பாறையே சிரித்தது.

என் போனில் புவனா வந்தாள். தாயும் மகளும் இரண்டு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள், படம் அப்படியே நின்றுவிட்டது. புவனா பாதிச் சிரிப்பில், கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினபடி நின்றாள். நான் பதறிப்போய்த் தட்டப் போனேன். கங்காணியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆட்டாத தாயி. இப்பிடி நின்னாத்தானே நல்லாப் பாக்கலாம்."

வெகுநேரம் பார்த்தார். பிறகு கணவரிடம் திரும்பி, "மெலிஞ்சுதான் போயிருக்கா. நல்லா இருக்காள்னு நீங்க சொன்னீங்க," என்றார். கங்காணி கம்பைப் பிடித்தபடி நின்றாரே தவிர, அன்றைக்கு "அடுத்தது" என்று சொல்லவே இல்லை.

இரண்டாவது முறை தூக்கிக்கொண்டு போக வாய்க்கவில்லை. அந்த மழைக்காலத்தில் கங்காணியம்மா போய்விட்டார். சாவு வீடு லயத்தில், சிக்னலோ பாறையில். நான் படம் பிடித்து மேலே ஏறி அனுப்பியதை, அடக்கம் எல்லாம் முடிந்த பிறகுதான் புவனா பார்த்தாள். டவர் இருந்திருந்தால் கடைசி முகத்தை நேரோடு பார்த்திருப்பாள். அது கங்காணிக்கும் தெரியும்.

இப்போது எங்கள் தோட்டத்திலும் டவர் வந்துவிட்டது. லயத்துக் காம்பராக்களில் வைஃபை பெட்டி வைத்துப் படம் பார்க்கிறார்கள், பிள்ளைகள் கட்டிலில் படுத்துக்கொண்டே பாடம் கேட்கிறார்கள். நல்லதுதான், அட்டைகளைத் தவிர யாருக்கும் நட்டமில்லை. நான் கொழும்புக்குத் திரும்பிவிட்டேன்; போன முறை ஊருக்குப் போனபோது கங்காணியைத் தேடினேன். பாறையில் இருந்தார். மகள் அனுப்பிய புதுப் போன் மடியில் கிடந்தது.

"வீட்டுலயே நல்லா எடுக்குதே கங்காணி. இந்த வயசுல எதுக்கு ஏறி வாறீங்க?"

"இது அவ குந்தியிருந்த எடம் பேப்பர் புள்ள. அவளுக்கு எடுக்காத எடத்துல எனக்கு மட்டும் எடுத்தா நல்லாவா இருக்கும்?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். கம்பை ஊன்றி எழும்பிக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"மணி என்னா? லேட்டு. அரைப்பேர்."

மழையில் கரைந்து பாதியாகிப் போன சுண்ணாம்புக் கோட்டுக்குள் போய் உட்கார்ந்தேன். அனுப்ப ஒரு கட்டுரையும் இல்லை, பேச யாரும் இல்லை. அரைப்பேர்தான் என்றாலும், இருட்டும்வரை அவர் "அடுத்தது" என்று சொல்லவில்லை. நானும் எழும்பவில்லை.