ஹெப்பகோடியில் பொங்கிய கடல்

ஹெப்பகோடி பாத்திரக்கடைகளில் செம்பு மூடியே இல்லை. எல்லாம் மக்கள் தலையில் இருந்தது. பொம்மசந்திரா கம்பெனி பஸ்ஸில் நாற்பது பேர் மூடியோடு வேலைக்குப் போனார்கள்.

காரணம், நிலாச்சித்தர். "கடலையே தூக்குற நிலா உன் ரத்தத்த விடுமா? வர்ற பௌர்ணமிக்கு பூமிகிட்ட வருது. மூடி இல்லாதவன் மண்டை பொங்கிரும்!" என்று அருளியிருந்தார். மூடியை மந்திரித்து விற்பவரும் அவரே. மந்திரிக்காத மூடி குழம்புச் சட்டிக்குத்தான் ஆகுமாம்.

பள்ளியில் அறிவியல் நடத்தும் சுனிதாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது, கணவன் ஷங்கர் பிரஷர் மாத்திரையை நிறுத்தும்வரை.

"மூடி இருக்கில்ல, மாத்திரை எதுக்கு?" என்றான், மூடிக்கு அடியிலிருந்து.

மறுநாள் காலை அவன் தலைசுற்றிக் கதவைப் பிடித்துக்கொண்டான். சுனிதா மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டாள். ஒரு எவர்சில்வர் சொம்பில் தண்ணீர் எடுத்தாள். அவனை ஆட்டோவில் ஏற்றி, நேரே சித்தரின் மண்டபத்துக்குப் போனாள்.

அங்கே சித்தர் விரலை உயர்த்தினார். மேடைமேல் இருந்த குண்டானில் தண்ணீர் மெல்ல ஏறி வழிந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

சுனிதா தன் சொம்பைப் பக்கத்தில் வைத்தாள். "அதே நிலாதானே சாமி? இதுலயும் ஏத்துங்க."

சித்தர் விரல் வலிக்கும்வரை உயர்த்தினார். சொம்புத் தண்ணீர் சும்மா இருந்தது.

"எவர்சில்வர்ல ஏறாதும்மா!"

"நம்ம ஊர் ஏரி எவர்சில்வர் இல்லையே? அதுலயும் ஒண்ணும் ஏறலையே? பூமியோட ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் ஆயிரக்கணக்கான மைல், சாமி. கிட்ட இருக்கிற பக்கத்த நிலா ஜாஸ்தி இழுக்குது, எட்ட இருக்கிறத கம்மியா. அந்த வித்தியாசத்துலதான் கடல் பொங்குது. எங்க வீட்டுக்காரர் அஞ்சரை அடி. அவர்ல கிட்ட எது, எட்ட எது? சரி, அந்தக் குண்டானைக் கீழ இறக்குங்க, பாக்கலாம்."

சித்தர் குண்டானைக் கட்டிப்பிடித்தார். முன்வரிசையில் இருந்த இருவர் அவரையும் சேர்த்தே தூக்கினார்கள். அடியில் ஒரு ரப்பர் குழாய்! அது பிடுங்கிக்கொண்டு சித்தர் முகத்தில் தண்ணீரைப் பீய்ச்சியது. திரைக்குப் பின்னால் குழாயைத் திறந்துவிட்டிருந்த அவருடைய மச்சான், "சாகா பாவா?" என்று கேட்டான், போதுமா அத்தான் என்று கன்னடத்தில்.

ஷங்கர் மூடியைக் கழற்றினான். "மாத்திரை வச்சிருக்கியா?" என்றான், தலையை நிமிர்த்தாமல். அவள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

கூட்டம் மட்டும் கலையவில்லை. ஒரு பெரியவர் சுனிதாவின் காலில் விழப் போனார். "தாயே, நீங்க எந்தக் கிழமையில அருள்வாக்கு சொல்றீங்க? டோக்கன் எங்க வாங்கணும்?"

"யோசிக்கிறதுக்கு டோக்கன் எதுக்குண்ணா?" என்றாள் சுனிதா. "உங்க வீட்லயே உக்காந்து பண்ணலாம்."